அடிப்பலகை

பாலத்தில் விரிசல் கண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில் இரு முனைகளிலும் இரும்புத் தடுப்பு வைத்துவிட்டார்கள். மருத்துவமனையும் துணி ஆலையும் பெரிய சந்தையும் அக்கரையில். வீடுகள் எல்லாம் இக்கரையில். பேருந்தில் சுற்றிக்கொண்டு போனால் ஒன்றே முக்கால் மணி நேரம். ஜனங்கள் இரண்டு நாள் திட்டினார்கள். மூன்றாம் நாள் நகராட்சி அலுவலக வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பாலம் சரியாகும்வரை ஆள் ஏற்றிப் போகத் தகுதியுள்ள மோட்டார் படகு வைத்திருப்பவர்கள் மனுச் செய்யலாம் என்று.

அந்த அறிவிப்பின் முன்னால் நின்று தார்ப்பாய்க்காரி அதை இரண்டு தடவை படித்தாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. லாரிக்கும் கடைக்கும் தார்ப்பாய் தைக்கிற பட்டறையில் வேலை. தடித்த ஊசியைத் தள்ளித் தள்ளி உள்ளங்கை காய்த்துப்போய் இருக்கும். அதற்கு முன்னால் அவள் படகுக்காரர் மகள். பாலம் வருவதற்கு முன்பு இந்த ஆற்றில் ஆள் கடத்தியது அவள் அப்பாவின் படகுதான். முப்பது பேர் உட்காரும் மரப் படகு, நடுவில் இரட்டை சிலிண்டர் டீசல் இஞ்சின். அப்பா சுக்கான் பிடிப்பார். இஞ்சின் பார்த்துக்கொண்டது அவள் புருஷன். இப்போது அவர் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறார். ஊரில் பம்ப்காரர் என்றால் தெரியும்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அவள் பேச்சை எடுத்தாள்.

"பாலத்துக்குப் பதிலாப் படகு கேக்கறாங்க."

"கேக்கட்டும்."

"நம்ம படகு இருக்குல்ல."

பம்ப்காரர் சோற்றில் இருந்து கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார். "அது படகா? கட்டை. விறகுக்குக்கூட ஆகாது."

"பலகை இன்னும் கல்லு மாதிரி இருக்குன்னு தச்சர் மாமா சொல்றாரே."

"அவருக்கென்ன, சொல்லுவாரு. இஞ்சின் துருப்பிடிச்சுக் கெடக்கு. பதினாலு வருஷம் ஆச்சு." கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஆனது ஆச்சு. நான் உன்னை ஏதாவது கேட்டிருக்கேனா? எதுக்கு இப்ப அதைக் கெளறிக்கிட்டு?"

அவள் அம்மா சுவரோரம் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவளும் அதையே சொன்னாள். "வேணாம்டி. அது கெடக்கட்டும்."

வருத்தத்தில் சொல்கிறாள் என்றுதான் மகள் நினைத்தாள்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். மரப் படகு என்றால் பலகையும் பலகையும் சேரும் தையல்வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தண்ணீர் ஊறத்தான் செய்யும். கடைசி நடை முடிந்ததும் அடியில் தேங்கிய தண்ணீரைக் கைப்பம்பால் இறைத்து விடவேண்டும். பன்னிரண்டு வயதில் இருந்து அது அவள் வேலை. கல்யாணம் ஆகி, இடுப்பில் பிள்ளை வந்த பிறகும் அவள் வேலைதான். அந்த வருடம் அவள் ஆசிரியர் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வுக்கு மாலை வகுப்பு சேர்ந்திருந்தாள். அன்று வகுப்பில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். முடிந்து வெளியே வந்தால் மழை. காலையில் இறைத்துக்கொள்ளலாம் என்று நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காலையில் போனால் படகின் முன்மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

அப்பா கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, மூழ்கி மூழ்கித் தடவிப் பார்த்தார். மத்தியானம் கரையேறி, துறையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "தண்ணி இறைக்கல. அவ்வளவுதான்." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிறகு மூன்று வருடம் உயிரோடு இருந்தார். அந்த மூன்று வருடமும் அவளிடம் பேசியது "தண்ணி குடு", "கதவைச் சாத்து" என்கிற அளவில்தான். படகைச் சங்கிலி போட்டு ஷெட்டுக்கு இழுத்து ஏற்றினார். இஞ்சினில் தண்ணீர் போய்விட்டது, இனி வேண்டாம் என்றார். செத்தும் போனார்.

பம்ப்காரர்தான் அன்று அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துறையில் ஆளாளுக்கு அவளை வாயில் போட்டு மென்றபோது, "சின்னப் பொண்ணு, விடுங்க" என்று குறுக்கே வந்து நின்றார். பிழைப்பே போன மனுஷன் பொண்டாட்டியை ஒரு சொல் சொல்லவில்லையே என்று ஊரே வியந்தது. ஒன்பதாம் நாள் அவருக்குக் குடிநீர் நிலையத்தில் நிரந்தர வேலைக்கு உத்தரவு வந்தது. நல்ல மனசுக்கு நல்லது நடக்கும் என்றார்கள். அவளும் அப்படித்தான் எண்ணிக்கொண்டாள்.

மாலை வகுப்பை அந்த வாரமே நிறுத்திவிட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கப்புறம் வீட்டில் எதற்கும் எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. எந்த வீட்டுக்குக் குடி போவது, மகளை எந்தப் பள்ளியில் போடுவது, எல்லாம் அவர் சொன்னபடி. மீன் வறுத்தால் வால் துண்டு அவளுக்கு. இத்தனை பெரிய தப்பைப் பொறுத்தவரோடு வால் துண்டுக்கா சண்டை போடுவது?

அதனால்தான் அந்த அறிவிப்பு அவளை விடவில்லை. படகை மூழ்க விட்டவள் அவள். அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டால் எங்கேயோ ஒரு முடிச்சு அவிழும் என்று தோன்றியது. அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். பதினான்கு வருடத்தில் ஒரே விஷயத்தை அவள் மூன்று தடவை கேட்டது அதுதான் முதல். பம்ப்காரருக்கு மறுக்க ஒரு காரணமும் மிச்சமில்லாமல் போனது.

"சரி. ஆனா அடிப்பக்கம் நான் பாத்துக்கறேன். மல்லாக்கப் படுத்துச் சுரண்டணும், உன் முதுகு தாங்காது. நீயும் தச்சரும் மேல் வேலையைப் பாருங்க."

அதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஷெட்டைத் திறந்த அன்று தச்சர் வந்தார். அறுபது தாண்டியவர், அப்பாவின் கூட்டாளி. அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். படகைச் சுற்றி வந்து, சுத்தியலால் ஒவ்வொரு பலகையாகத் தட்டி, காது வைத்துக் கேட்டார். நல்ல பலகை கணீர் என்றது. உளுத்தது பொத்துப் பொத்தென்றது.

"மேல் வரிசையில நாலு பலகை போச்சு. பின்னாடி பலகையைத் தாங்கற கால் ரெண்டு மாத்தணும். மத்தபடி உங்கப்பன் மாதிரி இருக்கு. வாயத் திறக்காது, அசையாது."

"இஞ்சின், மாமா?"

"அது உன் புருஷன் பாடு. மரம்னா என்னைக் கேளு. இரும்பு என்கிட்டப் பேசாது."

பம்ப்காரர் சங்கிலிக் கப்பி கட்டி இஞ்சினைத் தூக்கி மரத் தாங்கிகளின்மேல் உட்கார வைத்தார். பிஸ்டன் இரண்டும் சிலிண்டரோடு ஒட்டிப்போய் இருந்தன. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊற வைத்தார். தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். அசையாது. மறுபடி ஊற்றுவார். ஐந்தாம் நாள் இஞ்சினின் ஃப்ளைவீல் சக்கரத்தில் நீளக் குழாயை மாட்டி, அவரும் அவளும் சேர்ந்து தொங்கினார்கள். க்ரக் என்றது. அரை அங்குலம் நகர்ந்தது. இரண்டு பேரும் அப்படியே குழாயோடு தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

"எந்திரிச்சிட்டாரு பெரியவரு" என்றார் பம்ப்காரர்.

"பதினாலு வருஷம் தூங்கினா யாருக்கும் முதுகு பிடிச்சுக்கும்" என்றார் தச்சர் மேலே இருந்து.

அவை நல்ல நாட்கள். பட்டறையில் பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியானத்தில் வந்துவிடுவாள். பழைய பெயின்ட்டைத் தீ அடித்து இளக்கி, தகடால் வழிப்பாள். நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மறுபடி நீலம். "இந்தப் படகுல மரத்தைவிடப் பெயின்ட்டுதான் அதிகம்" என்பார் தச்சர். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, தட்டை உளியால் தட்டி இறக்குவதற்கு அவள் கை சீக்கிரம் பழகிவிட்டது. பட்டறையில் அவள் செய்வதும் தையல், இதுவும் தையல்தான். கப்பல் பெயின்ட் வாடையும் டீசல் வாடையும் தலைமுடியில் ஏறி, குளித்தாலும் போகாது. நர்சிங் விடுதியில் இருக்கும் மகள் போனில், "என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு, சந்தோஷமா இருக்கியா?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

அடிப்பக்கம் மட்டும் வேலை நகரவே இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்றார் பம்ப்காரர். அந்தப் பக்கம் ஒரு பழைய சாக்கைத் தொங்கவிட்டிருந்தார். தூசி விழாமல் இருக்கவாம்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை குடிநீர் நிலையத்தில் பெரிய குழாய் வெடித்தது. பம்ப்காரர் இரண்டு நாள் அங்கேயே கிடக்கவேண்டி வந்தது. படகைச் சோதிக்க அதிகாரி வரும் தேதி குறித்தாகிவிட்டது. பதினொரு நாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவள் சாக்கை விலக்கி, ஒரு தார்ப்பாய்த் துண்டை விரித்து, படகுக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். வந்து பார்த்தால் அடிப்பக்கம் முடிந்திருக்கும், அசந்துபோவார் என்று நினைத்தாள்.

இஞ்சின் இருந்த இடத்துக்கு நேர் கீழே, அடிக்கட்டையை ஒட்டிய இரண்டாம் பலகையில், பெயின்ட் மொத்தமாக ஒரு சில்லாக உரிந்து அவள் கழுத்தில் விழுந்தது. உரிந்த இடத்தில் ஒரு வட்டம். கட்டைவிரல் அளவு. பலகையின் ரேகை நீளவாட்டில் ஓட, அந்த வட்டத்துக்குள் மட்டும் புள்ளி புள்ளியாக, வேறு மரம். ஓரத்தில் சிவப்பு ஈயப் பெயின்ட் கசிந்து இறுகியிருந்தது.

ஏதோ பழைய கணு, அடைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் எண்ணினாள். சும்மாதான் கூப்பிட்டாள்.

"மாமா, இங்க ஒரு ஆப்பு அடிச்சிருக்கு. இது தாங்குமா, மாத்தணுமா?"

தச்சர் முனகிக்கொண்டே குனிந்து வந்தார். பார்த்தார். விரலால் தடவினார். பிறகு வெளியே போய், படகுக்குள் ஏறி, இஞ்சின் இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். இறங்கி வந்து கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல பாப்பா. மாத்திடலாம்."

"என்னன்னு சொல்லுங்க."

"இது கணு இல்ல. துளை."

"துளைன்னா?"

"கை டிரில்லு போட்ட துளை. உள்ளேருந்து வெளியே போட்டிருக்கு. உள்பக்கம் வாய் சுத்தமா இருக்கு. வெளிப்பக்கம் பிசிறடிச்சிருக்கு, பாரு, ஆப்பைச் சுத்திச் சிம்பு பேந்திருக்கு. எந்தப் படகுக்காரனும் அடியில துளை போடமாட்டான்."

அவள் கீழே படுத்தவாறே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யார் அடைச்சது?"

தச்சர் மறுபடி குனிந்து ஆப்பைத் தடவினார். இரண்டாம் தடவை கேட்டபோது சொன்னார். "ஆப்பைச் சீவின உளித்தடம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாரு. நாங்கல்லாம் சீவினா அந்தப் பக்கம் சாயும். இது இந்தப் பக்கம். இடது கை. இந்தத் துறையில இடது கையில உளி பிடிச்சவரு ஒருத்தர்தான்."

அப்பா.

"படகை ஏத்தின அப்புறம் நாலு நாள் ஷெட்டைச் சாத்திக்கிட்டாரு" என்றார் தச்சர். "நான் வந்து கதவைத் தட்டினேன். 'உனக்கு வேலையில்ல, போ'ன்னாரு. முப்பது வருஷக் கூட்டாளி. எனக்கு அன்னிக்கு ரொம்ப வருத்தம். என்னத்துக்குன்னு இப்பத்தான் தெரியுது."

துளை யார் போட்டது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இஞ்சின் அறை மூடிக்குப் பூட்டு உண்டு. அதற்கு இரண்டு சாவி. ஒன்று அப்பாவிடம். இன்னொன்று இஞ்சின் பார்க்கிறவரிடம். அவள் மனசு அங்கிருந்து அந்த உத்தரவுக்குத் தாவியது. படகு மூழ்கி ஒன்பதாம் நாள் வந்த உத்தரவு. ஒன்பது நாளில் எவன் வேலை கொடுப்பான்? மனுப் போட்டு, நேர்காணலுக்குப் போய், மாதக் கணக்கில் காத்திருந்தால்தானே வரும். இத்தனை நாள் இது ஏன் தனக்குத் தோன்றவில்லை? தன் தப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு வேறு எதையும் பார்க்க நேரமில்லாமல் போயிருந்தது.

வீட்டுக்கு நடந்து போனாள். அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா ஷெட்டுக்குள்ள நாலு நாள் என்னம்மா பண்ணாரு?"

அம்மாவின் கை நின்றது. "தச்சன் சொன்னானா?"

"நானே பாத்தேன். உனக்கும் தெரியுமா?"

அம்மா வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள். "அஞ்சாம் நாள்தான் சொன்னாரு. 'மாப்பிள்ளை வேலைடி'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. போலீசுக்குப் போனா இவன் உள்ள போவான். மூணு வயசுப் பிள்ளையோட நீ நிப்பே. உன்மேல சொன்னா ஊரு ரெண்டு நாள் பேசும், விட்டுடும்னாரு."

"விட்டுச்சா?"

அம்மா வெங்காயத் தோலைக் கூட்டித் தள்ளினாள்.

"மூணு வருஷம் என் மூஞ்சியப் பாக்கலையேம்மா அந்த மனுஷன்."

"கோவத்துல இல்லடி. பாக்க முடியல அவரால. என்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுவாரு."

"உன்கிட்ட அழுது என்ன? எனக்குக் கோவம்னுதானே தெரியும். சாகறப்போ கால்ல விழுந்தேனே, நீ பக்கத்துலதானே நின்னே."

"எல்லாம் உனக்காகத்தான் பண்ணாரு."

"எனக்காகன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல." அவள் குரல் உயரவில்லை. "மூணு பேரும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, என்னை நடுவுல உக்கார வெச்சு சோறு போட்டிருக்கீங்க."

சனிக்கிழமை மத்தியானம் பம்ப்காரர் நேராக ஷெட்டுக்கு வந்தார். சாக்கு மடித்து ஓரமாக வைத்திருந்தது. படகின் அடிப்பக்கம் முழுக்கச் சுரண்டி வெளுத்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் சாக்கட்டியால் வட்டம். அவள் பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்திருந்தாள். தச்சர் வேலையாக வெளியே போகிறவர்போல எழுந்து போய்விட்டார்.

பம்ப்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார், திரும்பப் போட்டார். அப்புறம் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு அந்தக் குடிநீர் நிலைய வேலை வேணும்னு இருந்துச்சு" என்றார். "உங்கப்பா விடமாட்டாரு. ரெண்டு தடவை கேட்டேன். 'இஞ்சினை யார் பாக்கறது'ன்னாரு, பேச்சு முடிஞ்சது. அவர் வீட்டுல இருந்துக்கிட்டு, அவர் சோத்தைத் தின்னுக்கிட்டு, மூணாவது தடவை கேக்க எனக்கு வாய் வரல. பழைய படகு, தானா மூழ்கிச்சுன்னு போயிடும்னு நெனச்சேன். நீ அன்னிக்குத் தண்ணி இறைக்காம வருவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இறைச்சிருந்தா?"

"இறைச்சிருந்தாலும் மூழ்கியிருக்கும். அந்தத் துளைக்குக் கைப்பம்பு எம்மாத்திரம்?"

அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். பதினான்கு வருடமாக அவளுக்கு வேண்டியிருந்த ஒரே வாக்கியம் அது. அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

"அப்பாவுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கூப்பிட்டுச் சொன்னாரு. 'அடைச்சாச்சு. நீ வேலைக்குப் போ. என் பொண்ணக் கை விட்டுடாதே'ன்னாரு." அவர் நிமிர்ந்தார். "நான் விடல. ஒரு நாளாவது உன்னைக் குத்திக் காட்டியிருக்கேனா? ஒரு சொல் சொல்லியிருக்கேனா?"

"அதாங்க" என்றாள் அவள். "நீங்க ஒரு நாள் திட்டியிருந்தா எனக்கும் கோவம் வந்திருக்கும். நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். நீங்க மன்னிச்சுட்டீங்க. மன்னிச்சவர்கிட்ட என்ன பேச முடியும்?"

"தப்புதான்."

"அப்பா சொன்னதுக்காகத்தான் என்னை வெச்சிருந்தீங்களா?"

"அப்படியில்ல."

"எப்படி?"

எப்படி என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எது பயம், எது பாசம், எது வாக்குக் கொடுத்தது என்று எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தது.

"இஞ்சினை முடிச்சுக் குடுங்க" என்று அவள் எழுந்தாள். "அப்புறம் ஒண்ணே ஒண்ணு. துறையில நாலு பேர் இருக்கறப்போ சொல்லுங்க, அது அவ பண்ணல, நான் பண்ணேன்னு. ஊரெல்லாம் கூட்டிச் சொல்ல வேணாம். டீக்கடை முன்னாடி சொன்னாப் போதும்."

"சொல்றேன். படகு இறங்கற அன்னிக்குச் சொல்லிடறேன்."

தச்சர் திரும்பி வந்ததும் அந்தப் பலகையைக் காட்டினாள்.

"ஆப்பு நல்லாத்தான் இருக்கு பாப்பா. படகே போனாலும் அது போகாது. அவ்வளவு இறுக்கமா அடிச்சிருக்காரு."

"மாத்துங்க மாமா."

ஆறடி நீளத்துக்குப் பலகையை அறுத்து எடுத்து, புதுப் பலகையை ஆவியில் வேகவைத்து வளைத்துப் பொருத்தினார். தையல்வாயில் ஊற்றக் குங்கிலியம் காய்ச்சியபோது அவள் பழைய பலகையைத் துண்டு போட்டு அடுப்பில் வைத்தாள். பெயின்ட் பட்ட மரம். கரும்புகையாக எரிந்தது. அதையே கிளறிவிட்டுக்கொண்டு, சட்டி கொதிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அந்த நாட்களில் பம்ப்காரர் பேசாமல் இஞ்சின் வேலை பார்த்தார். டீசல் பீச்சும் நாசில் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து, பீச்சல் மூடுபனிபோல விழுகிறதா என்று காகிதத்தில் அடித்துப் பார்த்தார். டீசல் தொட்டியை மூன்று தடவை அலசினார். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. அவள் அம்மாவோடு ஒரு அறையில் படுத்துக்கொண்டாள். அம்மாவோடும் பேசவில்லை.

படகைத் தண்ணீரில் தள்ளியதும் முதலில் மூழ்கத்தான் விட்டார்கள். காய்ந்த பலகை தண்ணீர் குடித்து உப்பினால்தான் இடுக்கு அடையும். ஆழமில்லாத இடத்தில் கல் ஏற்றி விளிம்புவரை இறக்கிவிட்டு, மூன்று நாள் கழித்து இறைத்தார்கள். அவள்தான் இறைத்தாள். இறைத்து முடித்து ஒரு பகல் முழுக்க விட்டுப் பார்த்தார்கள். அடியில் ஒரு தம்ளர் தண்ணீர்கூட இல்லை. பிறகு இஞ்சினை உள்ளே இறக்கி, தண்ணீரைத் தள்ளும் காற்றாடியின் தண்டோடு சேர்த்தார் பம்ப்காரர். முதல் சுழற்றலில் வெள்ளைப் புகை, இரண்டாவதில் கறுப்பு, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அதிகாரி வந்து ஒரு சுற்றுப் போய்வந்து, காகிதத்தில் முத்திரை குத்தினார். ஓட்டுநர் இடத்தில் அவள் பெயரை எழுதினார். அப்பா இருந்தபோதே அவளுக்கு உரிமம் இருந்தது. போன வாரம் அதைப் புதுப்பித்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் நடை. துறையில் நல்ல கூட்டம். ஆலைக்காரர்கள், நர்சுகள், சந்தைக்குக் காய்கறி மூட்டை கொண்டுபோகிறவர்கள். டீக்கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்து, ஈரக் கையால் பம்ப்காரரின் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களாய்யா மனுஷன. படகை மூழ்க விட்ட பொண்டாட்டிக்கே அந்தப் படகைத் தூக்கி நிறுத்திக் குடுத்திருக்காரு. நானா இருந்தா அன்னிக்கே கதையை முடிச்சிருப்பேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பம்ப்காரர் அவளைப் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் அவர், தலையைக் குனிந்து, கூச்சமாகச் சிரித்துக்கொண்டு. பதினான்கு வருடமாக இப்படி யாராவது பாராட்டும்போதெல்லாம் சிரிக்கிற அதே சிரிப்பு.

அவர் படகில் ஏற ஒரு காலை எடுத்து வைத்தார். அதற்குள் அவள் கயிற்றை உள்ளே எறிந்து, கழியால் கரையை ஓங்கி உந்தினாள். படகுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் விரிந்தது. அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

படகு நடு ஆற்றை எட்டியது. சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பழைய நாளில் தினமும் இதே படகில் போய்வந்தவர். தமாஷாகத்தான் சொன்னார்.

"இந்தத் தடவையாவது சாயங்காலம் தண்ணிய ஒழுங்கா இறைச்சிடும்மா."

"நான் மூழ்க விடல, ஐயா" என்றாள் அவள்.

இஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு, "என்னது?" என்றார்.

அவள் டீசல் கைப்பிடியைக் கீழே இறக்கினாள். இஞ்சின் தணிந்து, டக் டக் என்று தனித்தனியாக அடிக்க ஆரம்பித்தது. படகு வேகம் குறைந்து நீரோட்டத்தில் லேசாகத் திரும்பியது. என்னமோ கோளாறு என்று முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களுக்குச் சொன்னாள். மாலை வகுப்பு, மழை, இறைக்காமல் போனது, அதை மறைக்கவில்லை. பிறகு துளை. உள்ளேயிருந்து போட்டது யார், அடைத்தது யார், ஒன்பதாம் நாள் வந்த உத்தரவு. அழாமல், வேகமில்லாமல் சொன்னாள். நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தாள். இறங்கவில்லை. அடிவயிற்றில் இருந்து சூடாக ஏதோ ஏறி வந்தது. அது கோபம் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பெரியவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நர்சுதான் மெல்ல, "அக்கா, எட்டு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும்" என்றாள். அவள் கைப்பிடியை ஏற்றினாள்.

திரும்பி வரும்போது வேறு ஆட்கள். யாரோ அதே பேச்சை எடுத்தார்கள். அவர்களுக்கும் சொன்னாள். அடுத்த நடையிலும் சொன்னாள். நாலாவது நடைக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏறும்போதே ஆட்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தார்கள்.

பத்தரை மணிக்குக் கூட்டம் குறைந்தது. இக்கரையில் படகைக் கட்டினாள். பம்ப்காரர் துறையில் இல்லை. டீக்கடைக்காரர் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கிப் படகுவரை வந்தார். இதற்குமுன் அவர் யாருக்கும் அப்படிக் கொண்டுவந்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இஞ்சினைப் பார்த்துக்கொண்டு கிளாஸை நீட்டினார்.

அவள் வாங்கி ஒரு வாய் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு கிளாஸை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"சக்கரை பத்தல" என்றாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக் கொண்டாங்க."

டீக்கடைக்காரர் கிளாஸை வாங்கிக்கொண்டு படி ஏறினார்.